கடைசியாக வந்தவளுக்கு முதல் இலை

அறுபதுகளில் தாராவியில் எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஆண்டு விருந்தன்று, திருநெல்வேலிப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து கடைசியாக ரயிலேறி வந்தவருக்குத்தான் முதல் இலை. அவர் கை நனைக்குமுன் பெரியவர்கள் ஊரைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். அவர் பதில் சொல்ல வேண்டும்.

அந்த வருடம் முதல் இலை என் அத்தை மகளுக்குப் போயிற்று. என் வயதுதான் அவளுக்கும். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் என் பாயில் பாதி அவளுடையது. தோல் கிட்டங்கியிலிருந்து வேலை முடிந்து வந்ததும் அப்பா, "பிள்ள சாப்ட்டாளா?" என்பார். அந்தப் பிள்ளை நானில்லை. வயிறு எரிந்தது, சொல்வதற்கென்ன.

இத்தனைக்கும் ஊர் வரலாறு முழுவதும் எனக்கு மனப்பாடம். குளம் வெட்டியது யார், மீன் செதுக்கிய மடைக்கல்லை எந்த மலையிலிருந்து உருட்டி வந்தார்கள், எல்லைத் தகராறில் பக்கத்து ஊர்க்காரர்கள் எப்படித் தோற்று ஓடினார்கள், எல்லாம் அப்பா சொல்லிச் சொல்லி வந்தது. என்ன பிரயோசனம்? பம்பாயில் பிறந்து, ஊரையே பார்க்காதவளிடம் யார் கேட்பார்கள்?

பந்தி உட்கார்ந்தது. சங்கத் தலைவர் தொடங்கினார்.

"ஏ பிள்ள, கொளத்துல தண்ணி கெடக்கா?"

"நெறஞ்சு மறுகால் பாயுது தாத்தா."

"மடக்கல்லு?"

"முங்கிக் கெடக்கு. மீனு தல மட்டுந்தான் தெரியுது."

பெரியவர்கள் முகமெல்லாம் குளிர்ந்துபோயிற்று. எனக்குப் பொறுக்கவில்லை. குளம் வறண்டு விளைச்சல் இல்லாமல் போனதால்தானே அத்தை இவளை எங்களிடம் அனுப்பியிருந்தாள்? எங்கள் சால் குடியிருப்பின் குழாயடியில் அம்மா சொன்னதைக் காதாரக் கேட்டிருக்கிறேன்.

"எல்லாம் ஜூட்டு. பொய் சொல்றா. கொளம் காஞ்சு கெடக்கு. சோத்துக்கு இல்லாமத்தான் இவ இங்க வந்திருக்கா" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி.

அவளைத் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். சாம்பார் வாளியோடு வந்தவர் அப்படியே நின்றார். அவள் தலை குனிந்து இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா என் பக்கம் திரும்பாமலே தொண்டையைச் செருமிக்கொண்டு அவளிடம் கேட்டார்.

"நம்ம வீட்டு வாசல் வேம்பு எப்பிடி இருக்கு தாயி?"

அவள் மெல்ல நிமிர்ந்தாள். "பூத்துக் கொட்டுது மாமா. வாசல் தூத்து முடியல."

அந்த வேம்பைப் போன கோடையில் ஊருக்குப் போய் வெட்டி விற்றுவிட்டு வந்ததே அப்பாதான். மரம் சாய்ந்தபோது அவளும் பக்கத்தில் நின்றிருக்கிறாள். அப்பா தலையாட்டினார். தன் இலையிலிருந்த வடையை எடுத்து அவள் இலையில் வைத்தார். சாம்பார் வாளி நகர்ந்தது.

நான் அழுதேன். அந்த வேம்பைப் பற்றி அவளைவிட நன்றாகப் பொய் சொல்ல எனக்குத் தெரியும், என்னிடம் ஒருவரும் கேட்கவில்லையே என்று அழுதேன்.