ஆணிக்கு எதற்குச் சாப்பாடு

எங்கள் வீட்டில் இரண்டாவது ராகி முத்தே என்பது ஒரு கௌரவம். ரேஷன் காலம் அது. ஸ்ரீராம்புரத்துச் சந்து வீட்டில் ஆளுக்கு ஒரு களி உருண்டை, மேலே கொஞ்சம் கீரைச் சாறு. அன்றைக்கு உடம்பை வளைத்து உழைத்தவர் தட்டில் மட்டும் இன்னொன்று விழும். யார் உழைத்தார் என்று தீர்ப்புச் சொல்கிறவர் அப்பா. அவர் ஹைஸ்கூலில் விஞ்ஞான வாத்தியார். அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது.

காலேஜில் படித்துக்கொண்டிருந்த நான் விடிந்ததும் பக்கத்துத் தெருக் கரடி மனைக்கு ஓடுவேன். பயில்வான்கள் பழகும் கூடத்துக்குக் கன்னடத்தில் அதுதான் பெயர். செம்மண்ணில் கிடக்கும் குண்டுக்கல்லை நெஞ்சுவரை தூக்குவது, மெல்ல இறக்குவது, மறுபடி தூக்குவது, கடைசியில் தாங்கியபடி அசையாமல் நிற்பது. வீடு திரும்பும்போது வயிற்றுக்குள் அடுப்பு எரியும்.

"எனக்கு இன்னொண்ணு வைம்மா" என்றேன் ஒரு நாள். அம்மாவின் கை பாத்திரத்துக்குப் போனது.

"இரு" என்றார் அப்பா. "டேய், கல்லு காலையில எங்க இருந்துச்சு?"

"தரையிலப்பா."

"இப்போ?"

"தரையிலதான்."

"அப்போ நீ செஞ்ச வேலை சைபர். ஏத்தறப்போ குடுத்ததை இறக்கறப்போ திருப்பி வாங்கிட்டே."

"தாங்கிக்கிட்டு நின்னேனே, கையெல்லாம் நடுங்கிடுச்சே!"

"நகராத பொருள்ல வேலையே கிடையாது. அதோ, செவுத்துல ஆணி நாள் பூரா என் கோட்டைத் தாங்குது. அதுக்குச் சோறா போடறோம்?"

"நீங்ககூடத்தான் ஸ்கூலுக்குப் போயிட்டு வீட்டுக்கே திரும்பி வர்றீங்க" என்றாள் அம்மா.

"அது வேற கணக்கு" என்று அப்பா எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே உருண்டைதான். பசியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வெட்டியாகத் திரிகிறவன் என்று அப்பா நினைக்கிறாரே, அதை நினைத்தால்தான் எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மர பீரோவின் முன்கால்களைக் கரையான் தின்றுவிட்டது தெரிந்தது. கீழே செங்கல் வைக்க வேண்டும். ஒரு மூலையை அப்பாவும் மறு மூலையை நானும் தூக்கிப் பிடித்தோம். செங்கல் எடுக்கக் கொல்லைக்குப் போன அம்மாவை மதிலுக்கு அந்தப்பக்கத்து வீட்டு அம்மாள் பிடித்துக்கொண்டாள். ஊட்டா ஆயித்தா, சாப்பாடு ஆச்சா என்று தொடங்கிய பேச்சு, அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டது.

எனக்குப் பழக்கம், நின்றேன். அப்பாவுக்கு முதலில் காது சிவந்தது. அப்புறம் முழங்கை ஆட ஆரம்பித்தது. மூக்குக் கண்ணாடி வியர்வையில் வழுக்கி உதட்டுக்கு வந்தது, மேலே தள்ளக் கை இல்லை.

"அப்பா, பீரோ நகரவே இல்லையே" என்றேன்.

"ஷட் அப்" என்றார். மூச்சு வாங்கியது. கடைசியில் அம்மா செங்கலோடு வந்து சேர்ந்தாள்.

ஆணிக்கு இல்லாத தொல்லை சதைக்கு உண்டு என்று பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். சதைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. சும்மா தாங்கி நிற்கும்போதும் அதன் இழைகள் இழுப்பதும் விடுவதும் மறுபடி இழுப்பதுமாகவே இருக்கின்றன. ஒவ்வொரு இழுப்புக்கும் தீனி வேண்டும். கல்லை இறக்கும்போது ஏற்றியதைவிடக் குறைவாகச் செலவாகும், அவ்வளவுதான். கொடுத்தது எதுவும் உடம்புக்குத் திரும்பி வருவதில்லை. அப்பாவின் கணக்கு கல்லுக்குச் சரி, எனக்குத்தான் தப்பு.

மத்தியானம் அப்பா முதல் உருண்டையை எப்போது விழுங்கினார் என்றே தெரியவில்லை. காலித் தட்டை விரலால் வழித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு போய்ப் பாவமாகிவிட்டது.

அம்மா பாத்திரத்தோடு வந்து அவர் முன்னால் நின்றாள். "ஏங்க, ஆணிக்கு இன்னொண்ணு வைக்கட்டுமா?"

அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். என் தட்டைக் காட்டினார்.

"முதல்ல அந்த ஆணிக்கு வை" என்றார்.