நான் செய்த ஹெட்லைட் சேவை

போலீஸ் சோதனை நடந்தால், எதிரே வருபவர்களுக்கு ஹெட்லைட்டை மினுக்கிக் காட்டுவதைச் சமூக சேவை என்று நம்பிய அறிவாளி நான். அன்று அவிநாசி ரோட்டில் என் காரை நிறுத்திய போலீஸ்காரர், காகிதங்களைப் பார்த்துவிட்டு, "போங்க சார்" என்று அனுப்பிவிட்டார். கொஞ்சம் தள்ளி, பனியன் மூட்டையோடு மொபெட்டில் எதிரே வந்தவருக்கு விளக்கைக் காட்டினேன். அவர் பதறி, பின்னால் பார்க்காமல் வண்டியைத் திருப்பினார். பஸ் அடித்துவிட்டது.

நான் இறங்குவதற்குள் போலீஸ்காரர் ஓடி வந்து அவர் தலையை மடியில் வைத்திருந்தார். மூச்சு இல்லை.

"ஏனுங்க, இவரு எதுக்குங்க திடீர்னு திரும்புனாரு? பாத்தீங்களா?"

"கவனிக்கலீங்க" என்றேன். என் வீரமெல்லாம் ஹெட்லைட்டோடு சரி. இன்றுவரை அந்தப் பொய்யை நான் திருத்தவில்லை.

இறந்தவரின் சட்டைப் பையில் இருந்த லைசென்ஸையும் ஆர்.சி. புத்தகத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டுப் போலீஸ்காரர் சொன்னார்:

"எல்லாமே சரியா இருக்குதுங்க. நேரா வந்திருந்தா ரெண்டு நிமிசத்துல அனுப்பியிருப்பேனுங்க."