செவ்வந்திக்கு முத்துப் போட்டது

சீர்காழிக்குக் கிழக்கே ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாகச் சத்துணவு சமைக்கிறவள் செவ்வந்தி. புருஷன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். மகன் பரிதி சிங்கப்பூரில். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான், "சாப்டியாம்மா" என்பான், வைத்துவிடுவான். அவள் வீட்டு வாசலில் நின்று பேச வேறு ஆளில்லை. பீடி வாசனையே ஆகாத இந்தப் பெண்ணுக்கு நுரையீரலில் புற்றுநோய் வந்தது என்ன நியாயமோ, தெரியவில்லை.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குத் தனியாகவே பஸ் ஏறிப் போனாள். சதை எடுத்துச் சோதித்த டாக்டர் தன்மையானவர். "வளரு, வளருன்னு செல்லுக்கு உத்தரவு போடுற சுவிட்ச் ஒண்ணு உங்களுக்கு ஆன்லயே சிக்கிக்கிச்சும்மா. இந்த மாத்திரை அதை அமுக்கி வைக்கும். வேரோட எடுக்காது, கட்டிப்போடும். ஒருநாள்கூட விடக் கூடாது" என்றார். தோலில் பரு மாதிரி வந்தால் போன் பண்ணச் சொல்லி நர்ஸ் அனீஸா சொன்னபோது, செவ்வந்தியின் நினைப்பெல்லாம் பஸ்ஸில் இருந்தது. தெருவில் கேட்டவர்களிடம் சளி என்று சொல்லிவைத்தாள்.

மாத்திரை தொடங்கிய பன்னிரண்டாம் நாள் மூக்கிலும் கன்னத்திலும் சிவப்புச் சிவப்பாகக் கொப்புளம். பங்குனி வெயில் வேறு. எதிர்வீட்டு வைரக்கண்ணு பார்த்தவுடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"தங்கச்சி, ஆத்தா வந்திருக்கா. முத்துப் போட்டிருக்கு. ஆஸ்பத்திரி மருந்து எதையும் தொட்டுடாதே" என்று சொல்லி வாசலில் வேப்பிலை செருகினார். அம்மை கண்ட வீட்டில் மருந்து ஆகாது. செவ்வந்தியும் அந்த ஊர்க்காரிதானே, மாத்திரை அட்டையை அரிசிப் பானைக்குள் வைத்து மூடிவிட்டாள்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. யாரும் உள்ளே வரவில்லை. ஆனால் தினமும் காலையில் வாசலில் இளநீர் இருந்தது, மோர் இருந்தது, யாரோ கூழ் வைத்திருந்தார்கள். "இன்னைக்கு எப்படித் தாயி இருக்கு?" என்று போகிறவர் வருகிறவரெல்லாம் குரல் கொடுத்தார்கள். ஒன்பது வருஷத்தில் இத்தனை பேர் அவளை விசாரித்ததில்லை. வேப்பிலைப் படுக்கையில் கிடந்தபடி அவள் சந்தோஷப்பட்டாள். அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

வேப்பிலை செருகிய பதினோராம் நாள் முகம் தெளிந்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றத் தெருப் பெண்கள் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட குடத்தோடு கொல்லைக்கே வந்துவிட்டார்கள். முதல் குடம் ஊற்றின நேரம் பார்த்து அனீஸாவின் போன்.

"மாத்திரை போடுறீங்களாம்மா? முகத்துல பரு வந்துச்சா?"

"வந்துச்சும்மா. அம்மைன்னு மாத்திரைய நிறுத்திட்டேன். இப்ப எறங்கிடுச்சு."

"ஐயோ, அது அம்மை இல்லம்மா! மாத்திரை பண்ற வேலை அது. நிறுத்தினதாலதான் போயிருக்கு. உள்ள அந்த சுவிட்ச் மறுபடி ஆன் ஆயிருக்கும். இன்னைக்கே போட்டுட்டு, நாளைக்கு டாக்டரைப் பாக்க வந்துடுங்க. பரு திரும்ப வரும், களிம்பு தர்றோம்."

திரும்ப வருமாம். வந்தால் இன்னொரு தடவை ஆத்தாளைச் சொல்ல முடியாது. சுற்றி நின்ற முகங்களை ஒருமுறை பார்த்தாள். இத்தனை பேர் மறுபடி வருவார்களா என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. ஈரத் தலையோடு எழுந்து போய் அரிசிப் பானைக்குள் கைவிட்டாள். எல்லார் முன்னாலும் மாத்திரையை விழுங்கினாள்.

"ஆத்தா வரலக்கா. எனக்கு நெஞ்சுல புத்துநோய். இந்த மருந்துதான் இப்படிப் பண்ணுச்சு."

குடம் வைத்திருந்தவள் குடத்தைக் கீழே இறக்கினாள். "ஒட்டுமா?" என்று ஒருத்தி கேட்டாள். ஒட்டாது என்றாள் செவ்வந்தி. வைரக்கண்ணு வாசல் வேப்பிலையை உருவிக்கொண்டு போனார். பொல்லாதவர்கள் இல்லை. அம்மைக்கு என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியும், இதற்குத் தெரியவில்லை. மறுநாள் தஞ்சாவூர் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வாசலில் ஒன்றும் இல்லை.

மாத்திரையை மறுபடி தொடங்கிய எட்டாம் நாள் காலை, முகம் கழுவும்போது மூக்கு நுனி எரிந்தது. கண்ணாடியில் பார்த்தாள். சிவப்பாக ஒன்று.

"வந்துட்டியா" என்றாள், சத்தமாகவே. எட்டு நாளாக அந்த வீட்டில் யாரையும் பார்த்து அப்படிக் கேட்க அவளுக்கு வாய்க்கவில்லை.