குறை சொன்னவருக்குக் கொடுத்த வேலை

தெருவில் அவளைக் ‘கறாரு’ என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள்; அவளுக்கு அதில் வருத்தம் கிடையாது. பதினோரு வருடம் ஒரு தொழிற்சாலையில் கார் சீட்டுக்கு உறை தைத்தவள். தொழிற்சாலை மூடியதும், டயர் கடைக்குப் பின்னால் இரண்டு கார் நிற்கும் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தாள். கார் கழுவுவது, பாலிஷ் போடுவது, உள்ளே சுத்தம் செய்வது. தண்ணீர் வேலை நாத்தனாருக்கு, உள்வேலை இவளுக்கு. எந்தத் தையலுக்குள் அழுக்கு ஒளியும் என்று தைத்த கைக்குத் தெரியாதா?

வேலையில் ஒரு சொட்டை சொல்ல முடியாது. வாய்தான் வியாபாரத்துக்கு எதிரி. “பாலிஷ் போட்டுடலாமா?” என்று யாராவது கேட்டால், “எதுக்கு? வண்டி நல்லாத்தானே இருக்கு. கழுவிட்டுப் போங்க” என்பாள். பாதி நாள் இரண்டாவது கார் நிற்கும் இடத்தில் கவிழ்த்த வாளிகள்தான் நின்றன.

“உனக்குக் கை இருக்கு, வாய் இல்ல. ஆள் பிடிச்சுட்டு வர்றதுக்குன்னே ஒருத்தர வை” என்றார் அண்ணன். யோசனை தப்பில்லை. அவளே ஆறு மாதமாக அதைத்தான் மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் அண்ணன் யோசனையோடு ஆளையும் கையோடு கூட்டி வந்திருந்தார். அவர் மச்சினன், மனைவியின் தம்பி. போன் விற்றவன், இன்சூரன்ஸ் விற்றவன், தண்ணீர் ஃபில்டரும் விற்றவன்.

“பேச்சுல தேனா ஒழுகுது, அண்ணி. தொடைக்கத்தான் நம்மகிட்ட துணி பத்தாது” என்றாள் நாத்தனார்.

பத்து நாள் கொட்டகை நிறைந்தது உண்மை. பதினோராம் நாள் ஒரு வாத்தியார் காரைக் கொண்டுவந்தார். கேட்டில் உரசி இரண்டு கதவிலும் நீளமாகக் கீறல். அவள் நகத்தை வைத்து இழுத்தாள், நகம் சிக்கியது. தகரம் வரைக்கும் போயிருந்தது.

“சார், இது பாலிஷ்ல போகாது. பெயின்ட் அடிக்கிற இடத்துக்குத்தான் போகணும்.”

“ஒரு மணி நேரத்துல தடமே தெரியாதுன்னு இவர் சொன்னாரே!”

மச்சினன் அவளை ஓரமாக அழைத்தான். “போட்டுக் குடுத்துடுங்கக்கா. சாயங்கால வெளிச்சத்துல யாருக்குத் தெரியப்போகுது?”

அவள் பாலிஷ் மெஷினின் பிளக்கைப் பிடுங்கினாள். “நாளையிலேருந்து வராதீங்க.”

அன்று மாலையே அண்ணன் வந்துவிட்டார். “வீட்டுல அவ முகத்துல நான் எப்படி முழிக்கிறது?”

“அது உங்க வீட்டுப் பிரச்சினைண்ணா.”

“சரி, வேற யார வெப்ப? உன் குணத்துக்கு எவன் வருவான்?”

“சிஸ்டர வெப்பேன்” என்றாள் அவள், சுருக்கென்று.

நாத்தனார் கையிலிருந்த பிரஷ் தண்ணீரில் விழுந்தது.

சிஸ்டர் பக்கத்துத் தெருவில் இருந்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தன் சின்னக் காரைக் கொண்டுவருவார். வேலை முடிந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கதவு ரப்பரைத் தூக்கி அடியில் விரல் விடுவார். சீட்டுக்குக் கீழே பஞ்சு சுற்றிய குச்சியை ஓட்டுவார். “ஏம்மா, இங்க பாரு.” போன முறை இரண்டு தடவை திரும்பச் செய்ய வைத்தார். “எங்களுக்குக் கை வலிக்குது, சிஸ்டர்” என்று இவள் கத்த, “எனக்குக் கண்ணு வலிக்குதே” என்று அவர் கத்த, டயர் கடைக்காரர் வேலையை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்.

கோபத்தில் வந்த வார்த்தைதான். ஆனால் வந்த பிறகு யோசித்தால், சுத்தமான கார் எப்படி இருக்கும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? மறுநாள் காலையில் நேரே அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“விளையாடுறியா? எனக்கு அறுபத்திமூணு வயசு. யாரையும் தாஜா பண்ண எனக்கு வராது.”

“பண்ண வேணாம்.”

“பொய்யும் சொல்ல மாட்டேன்.”

“சொன்னா அனுப்பிடுவேன்.”

சிஸ்டர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். “உன் வேலையில குறை இருந்தா?”

“வெளிய சொல்றதுக்கு முன்னாடி எங்கிட்ட சொல்லுங்க.”

“அதுதான் கஷ்டம்” என்றார் சிஸ்டர். ஆனாலும் திங்கட்கிழமை எட்டு மணிக்குக் கொட்டகையில் நின்றார்.

தம்பியை அனுப்பியதற்காக அண்ணன் மனைவி இவளோடு பேச்சை நிறுத்தினாள். “கிழவிய வெச்சு கடை நடத்துறா” என்று அண்ணன் ஊரெல்லாம் சிரித்தார்.

சிஸ்டர் முதலில் போனது, தான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் கார் நிறுத்துமிடத்துக்கு. “டாக்டர், இதத் தொட்ட கையோடதான் சாப்பிடுறீங்களா?” என்று ஸ்டியரிங்கைப் பஞ்சால் துடைத்துக் காட்டுவார். பஞ்சு கறுத்திருக்கும். இரண்டு டாக்டர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். மூன்றாவது டாக்டர் அன்றைக்கே சாவியைக் கொடுத்தார். பிறகு அவருடைய தம்பி, அப்புறம் பல் டாக்டர். வாரத்தில் நாலு நாளாவது வாளிகளுக்கு வேறு இடம் தேட வேண்டியிருந்தது.

அப்போதுதான் ஒரு டாக்சி கம்பெனியின் மேனேஜர் வந்தார்.

“உங்க வேலை எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா அந்தம்மா என் டிரைவர்ங்க முன்னாடியே வண்டி நாறுதுன்னு சொல்லிட்டாங்க. சிரிச்சுப் பேசுற ஆளா ஒருத்தர வைங்க. முப்பது வண்டியும் உங்களுக்குத்தான்.”

நாத்தனார் குழாயை மூடினாள். சிஸ்டர் பஞ்சு டப்பாவை மூடி மூடித் திறந்தார். முப்பது வண்டி என்றதும் அவளும் மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டுத்தான் பார்த்தாள்.

“நாறுச்சா, இல்லையா?” என்று கேட்டாள்.

“அது வேற விஷயம்.”

“எங்களுக்கு அதுதாங்க விஷயம். ஆள் இவங்கதான். இஷ்டம் இருந்தா வண்டியக் கொண்டுவாங்க.”

முப்பதில் ஒன்றுகூட வரவில்லை. செய்தி எட்டியதும் அண்ணன் போன் செய்தார். “கைக்கு வந்ததக் காலால எட்டி உதைச்சுட்டியே!”

“என் கால்தானேண்ணா” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அன்று பிற்பகல் ஒரே சீட்டை வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சிஸ்டர் பக்கத்தில் வந்து, “நான் வேணா நின்னுக்கட்டுமா?” என்றார்.

“நின்னுக்குங்க. அந்த வாசல்கிட்ட நின்னுக்குங்க. வெள்ளைக் கார் ஒண்ணு திரும்புது, என்னன்னு கேளுங்க.”

சிஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனார்.

இதெல்லாம் நடந்து மூன்று வருடம் ஆகிறது. கொட்டகை பெரிதாகவில்லை, சிஸ்டரும் மாறவில்லை. அண்ணன் மனைவி இன்னும் பேசுவதில்லை. போன மாதம் அண்ணன் மட்டும் தன் காரைக் கொண்டுவந்தார். சிஸ்டர் நாலு கதவையும் திறந்து பார்த்துவிட்டு, அவர் முகத்துக்கு நேராகவே ஒன்பது குறை சொன்னார். அண்ணன் தங்கையைப் பார்த்தார். அவள் பிரஷ்ஷிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அண்ணன் சாவியை சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.