ராணி அக்காவின் கார் யன்னல் ஏறவில்லை!

இன்று காலை தொழிற்சாலை வாசலில் கார் யன்னலை இறக்காமல், முழுக் கதவையும் திறந்து கையை நீட்டி கார்ட் காட்டினேன்!

பின்னால் நின்றவர் ஹோர்ன் அடித்தார்.

என் கார் யன்னலில் எந்தப் பழுதும் இல்லை. காரணம் நேற்று நடந்த கதை.

ஞாயிறு மத்தியானம் சோற்றில் கை வைத்த நேரம் பெல் அடித்தது. இரண்டாம் மாடி ராணி அக்கா. கையில் கார் சாவி, கண் கலங்கியிருந்தது.

“தம்பி, கார் யன்னல் கீழ போயிட்டுது. மேல வருதில்லை!”

(சுவிஸின் வில் நகரில், எங்கள் கட்டடத்துத் தமிழருக்கு நான்தான் மெக்கானிக். உண்மையில் நான் வேலை செய்வது பிஸ்கட் தொழிற்சாலையில்.)

ராணி அக்கா இருபது வருடம் ஆபீஸ் கிளீனிங் செய்தவர். ஐம்பது வயதுக்குப் பிறகு படித்து, வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பராமரிக்கும் வேலை எடுத்தார். அதற்குக் கார் ஓட்டும் லைசன்ஸ் வேண்டும். மூன்று முறை ஃபெயில், நாலாம் முறை பாஸ்! அன்று கட்டடம் முழுக்கக் கேசரி கொடுத்தார். (கீழ் வீட்டு சுவிஸ்காரர் அதைப் பாண் துண்டில் பூசிச் சாப்பிட்டார்.)

வேலையில் இன்னும் சோதனைக் காலம் முடியவில்லை.

“கராஜில கேட்டனீங்களோ அக்கா?”

“நேற்றே கேட்டனான். அடுத்த வெள்ளிதான் டெர்மின், அதுக்கு முன்னம் நேரமில்லை எண்டு சொல்லிப்போட்டாங்கள்.”

“நாளைக்கு ஒருநாள் லீவு சொல்லேலாதோ?”

“முதல் வீடு ஒரு தாத்தா, தம்பி. நான் போய், கால் வீங்காம இறுக்கிற கால்மேசு போட்டுவிட்டாத்தான் அவர் கட்டிலால எழும்பலாம். என்னைப் பாத்துக்கொண்டு கிடப்பார்.”

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. விடியற்காலை, மேட்டுப் பாதை, திறந்த யன்னல், ஏற்கெனவே பயந்து பயந்து ஓட்டுகிற ராணி அக்கா. சோற்றை மூடி வைத்துவிட்டு இறங்கினேன்.

நிலக்கீழ் பார்க்கிங்கில், காரைத் தொட முன்னரே தீர்ப்புச் சொன்னேன்.

“மோட்டர் போயிட்டுது அக்கா. கன்ஃபேர்ம்!”

(இரண்டு வீடியோ பார்த்தவனுக்கு வரும் தைரியம் இருக்கிறதே!)

டிரைவர் பக்கச் சுவிட்சை அமத்தினேன். சின்னச் சத்தம்கூட இல்லை. பியூஸ் நல்லாக இருந்தது. பக்கத்து சீட் யன்னல் அதன் சொந்தச் சுவிட்சில் ஏறி இறங்கியது. ஆனால் டிரைவர் பக்கச் சுவிட்சால் அமத்தினால் அதுவும் அசையவில்லை. அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை.

கதவின் உள்பலகையைக் கழற்றினேன். ஞாயிற்றுக்கிழமை இங்கே ஆணி அடித்தாலே அயலவருக்குக் கோபம் வரும். அதனால் இரண்டு பேரும் களவெடுக்க வந்தவர்கள் மாதிரிக் குசுகுசுத்தோம்.

மோட்டருக்கு நேராக பேட்டரியிலிருந்து இரண்டு வயர் கொடுத்தேன்.

க்ர்ர்ர்! கண்ணாடி பாதிக்கு ஏறியது!

“மோட்டர் போயிட்டுது எண்டீங்கள்?”

“அது... ஒரு சந்தேகம்தான் சொன்னனான்.”

அப்படியென்றால் பழுது சுவிட்சில். அதைக் கழற்றிப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே வெள்ளைக் களிமண் மாதிரி ஏதோ அப்பிக் காய்ந்து கிடந்தது.

“அக்கா, காருக்குள்ள மா குழைச்சனீங்களோ?”

ராணி அக்கா குனிந்து சுவிட்சை எட்டிப் பார்த்தார்.

“திருநீறு, தம்பி.”

“சுவிட்சுக்குள்ளயோ?!”

“காலமை ஸ்டீரிங்குக்குத் திருநீறு பூசி, கோயில் தீர்த்தம் தெளிச்சுத்தான் வெளிக்கிடுறனான். பிறகு ரிவேர்ஸ் எடுக்கேக்க தலையை வெளிய விட்டுப் பாக்க யன்னலை இறக்குவன். முதல் கிழமை அந்தத் தூணில இடிச்சனான் எல்லோ.”

ஈரக் கை, திருநீறு, சுவிட்ச். ஒவ்வொரு நாளும். தொழிற்சாலையில் எங்கள் மெஷினுக்குள் மா இறுகுவதுகூட இவ்வளவு ஒழுங்காக நடக்காது!

காருக்குள் இதெல்லாம் கூடாது என்று ஒரு நல்ல லெக்சர் கொடுக்கத்தான் வாயைத் திறந்தேன்.

“எனக்கு இன்னும் கை நடுங்கும் தம்பி. அதைப் பூசினாத்தான் சாவியைத் திருப்புவன். ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ.”

லெக்சரை விழுங்கினேன். இரண்டு மாதமாக அந்த மனிசி ஒவ்வொரு விடியற்காலையும் இந்தக் குளிரில் தனியாக இருந்து தன் பயத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறார். மேல் மாடியில் நான் போர்வைக்குள் கிடந்திருக்கிறேன்.

பழைய பல் பிரஷ், காண்டாக்ட் ஸ்ப்ரே, அரை மணித்தியாலம். துடைத்து, காயவிட்டு, திரும்பப் பூட்டினேன்.

“அமத்துங்கோ அக்கா.”

யன்னல் ஏறியது. இறங்கியது. ஏறியது. இறங்கியது. ராணி அக்கா சிரித்துக்கொண்டே பதினோரு தரம் அமத்தினார்.

“காணும் அக்கா! இனி உண்மையாவே மோட்டர் போயிடும்!”

சுவிட்சின் மேல் சாப்பாடு மூடுகிற மெல்லிய பிளாஸ்டிக் தாளை இறுக்கி ஒட்டிவிட்டேன்.

“திருநீறு பூசுங்கோ. கையைத் துடைச்சுப்போட்டு அமத்துங்கோ. அவ்வளவுதான்.”

இன்று விடிய போனில் ஒரு வொய்ஸ் மெசேஜ்: “தாத்தா எழும்பிட்டார். கோப்பி குடிக்கிறார்!”

சந்தோஷமாகப் பார்க்கிங்குக்கு இறங்கினேன்.

என் காரின் டிரைவர் பக்கக் கண்ணாடியில், வெளிப்புறமாக, மூன்று விரலால் இழுத்த திருநீற்றுக் கோடு. வேலைக்குப் போகிற அவசரத்திலும், கை நடுங்க நடுங்க, எனக்கும் பூசிவிட்டுப் போயிருக்கிறார். கோடு கொஞ்சம் கோணல்.

யன்னலை இறக்கினால் அது அழிந்துவிடும்.

சொல்லுங்கோ, நீங்களெண்டால் இறக்கியிருப்பீங்களோ?