மொட்டைமாடியில் கிழட்டுக் காடைகள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மன்னிக்க வேண்டும். படிப்பு அஞ்சாவதோடு நின்றது. முன்னே நடந்தது பின்னே வந்துவிடும், மறதி வேறு.

கோட்டூர்புரத்தில் எங்கள் குடியிருப்பு மொட்டைமாடியில் காடை வளர்க்கிறோம். தரமணிக்கு ஆபீஸ் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த என் மகனுக்கு முதுகு போய்விட்டது. அதற்கப்புறம் வீட்டில் அடுப்பு எரிவது காடையால்தான். பிரியாணிக் கடை ஒன்று இளங்காடையாகப் பார்த்து வாங்கிக்கொள்ளும்.

கூண்டுக் காடை அடைகாக்காது. இட்ட முட்டையைத் திரும்பியும் பார்க்காது. பொறுக்கி எடுத்து மின்சாரப் பெட்டியில் அடுக்கிப் பொரிக்க வைப்பது என் வேலை.

வயதான பெட்டைகள் இட்ட முட்டை பெரிதாக இருந்தது. "பாரும்மா, முட்டையும் பெருசு, குஞ்சும் பெருசு. இதுங்கள எவனாவது விப்பானா?" என்பான் மகன். பொரிந்த அன்றைக்குக் குஞ்சு கொழுகொழுவென்றுதான் இருந்தது. வளர வளர மற்றவற்றைவிட ஒன்றும் மிஞ்சவில்லை. அது எங்கள் கண்ணில் படவில்லை. இளசுகள் கடைக்குப் போயின, கிழடுகள் கூண்டிலேயே தங்கின.

பிறகு பெட்டியைத் திறந்தால் பாதிக்கு மேல் கூமுட்டை. சிலதில் குஞ்சு ஓட்டைக் கொத்திப் பாதியில் நின்றுவிடும். அப்படி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உரித்தால் ரத்தம் வருமோ என்று பயம், விட்டால் மூச்சு முட்டுமோ என்று பயம். கையிலேயே அடங்கிவிட்டது.

சூடு பத்தவில்லை என்று மகன் பெட்டியைக் கழற்றி மாட்டினான். அப்போதுதான் தீவனக் கடைக்காரர் மூட்டை போட வந்தவர் கூண்டைப் பார்த்தார்.

"இன்னாம்மா, முதியோர் இல்லமா நடத்திக்கினு கீறீங்க? கெழவன் கெழவிய வச்சிக்கினு பொரிக்கலன்னா, பெட்டி இன்னா பண்ணும்?"

மருமகள் சிரித்துவிட்டாள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. கூண்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"இளசுல கொஞ்சம் தாயா நிறுத்து நைனா," என்றார் மகனிடம்.

"நிறுத்திட்டா கடைக்கு இன்னா குடுக்கறது? ஒரு வாட்டி இல்லன்னா வேற ஆள பாத்துப்பான்."

"அப்ப கெழடுங்கள குடு."

"வேகாதுண்ணே. திருப்பி அனுப்பிடுவான்."

அவர் வெறும் சாக்கை மடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

இப்போது பெட்டியில் கடைசியாகப் பொரிந்தவை கொஞ்சம், பல்பு வெளிச்சத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. இவற்றைத் தாயாக நிறுத்துவதா, கடைக்கு அனுப்புவதா என்று மகன் என்னைக் கேட்கிறான். தண்ணீர் மாற்றுகிற சாக்கில் எழுந்து போய்விடுகிறேன். கிழட்டுத் தாய்க்குப் பிறந்தது நல்ல தாயாகுமா? எனக்கென்ன தெரியும்?

பெட்டை எந்த வயது வரைக்கும் குஞ்சுக்கு ஆகும், ஆண் எப்போது ஓய்ந்துபோகும், பெரிய முட்டையை நாங்கள் நம்பியது சரியா தப்பா, இதிலே நான் எழுதியதை விவரம் தெரிந்த யாராவது சரிபார்த்துச் சொல்ல வேண்டும். குஞ்சுகளுக்கு இறகு முளைத்துவிட்டது. கொஞ்சம் சீக்கிரம் சொன்னால் நல்லது.