இடது செட்டையின் சொந்தக்காரன்

போரால் மின்சாரம் நின்று, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி நாங்கள் ரேடியோ கேட்கத் தொடங்கிய காலம். நீர்வேலியில் எங்கள் வீட்டு ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், ஒருவர் பழைய இரண்டு இருக்கை விமானம் வைத்திருந்தார். அதன் பதிவுக் கொப்பியை மடியில் செருகியே திரிவார். அதிலுள்ள முந்தின சொந்தக்காரர்களின் பெயர்களை எதிர்ப்படுவோருக்கெல்லாம் வாசிப்பார்.

குண்டுவீச்சு தொடங்கியதும் சனம் பயந்தது.

"அண்ணை, மேலாலை வாறவன் உந்தப் பிளேனைக் கண்டால் எங்களுக்குமெல்லோ அடிப்பான். எரிச்சுவிடுங்கோ," என்றேன்.

"ஐஞ்சு பேர் வைச்சிருந்தது. ஒருத்தரும் உடைக்கேல்லை. நானோ எரிக்கிறது?"

மறுநாள் விமானத்தைக் கழற்றி, வீட்டுக்கொரு துண்டு தந்தார். எனக்கு இடது செட்டை, ஒரு முழு இறக்கை. கொப்பியில் எங்கள் பெயர்களையும் எழுதினார்.

"இனி நீயும் சொந்தக்காரன், தம்பி. விக்கிறதெண்டால் எல்லாரும் கையெழுத்து வைக்கவேணும்."

இடம்பெயர்ந்து திரும்பியபின் அவரைக் காணவில்லை. எங்கேயாவது கண்டால் சொல்லுங்கள்: செட்டை பத்திரமாக இருக்கிறது, கோழிகள்தான் அதிலிருந்து இறங்க மறுக்கின்றன.